மேகங்களுக்குப் பெயர் சூட்டிய மருந்து வியாபாரி

டில்லியில் குளிர்காலம் பிறந்துவிட்டால் நம் தமிழ் மாணவர்களுக்கு இரண்டு வேலைகள் அதிகமாகிவிடும். ஒன்று, பெட்டியின் அடியில் கிடக்கும் கம்பளிச் சட்டையைத் தேடி எடுப்பது. மற்றொன்று, வானிலையை வைது தீர்ப்பது. காலை பத்து மணிக்கும் கதிரவன் முகம் காட்டமாட்டான். எதிரே வரும் பஸ் கண்ணுக்குத் தெரியாது. ரயில் வண்டிகள் ஐந்து மணி, ஆறு மணி நேரம் தாமதமாக வந்து சேரும். ஒரு நாள் மழை தூறும். அது விட்டதும் குளிர் எலும்பைத் துளைக்கும். வானிலையை வைகிறவர்கள் நம்மில் பலர். அதைக் கவனிக்கிறவர்கள் மிகச் சிலர். அதைக் கவனித்து, அளந்து, அதற்குப் பெயரும் இட்டு, உலகம் முழுவதும் அப்பெயரை ஏற்றுக்கொள்ளும்படி செய்த ஒருவர் உண்டு. லூக் ஹோவர்டு என்னும் அந்தப் பெருந்தகையின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

என்னுடையது பிழைப்பை நாடி வடக்கே குடியேறிய குடும்பம். வீட்டுப் பெரியவர்கள் மார்கழிப் பனி என்று பேசும்போது அவர்கள் மனத்தில் தோன்றுவது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. நான் பனி என்று சொல்லும்போது என் கண்முன் நிற்பது தெருவிளக்கையே விழுங்கிவிடும் வெண்திரை. சிம்லாவுக்குப் போய்வந்த நண்பனுக்கோ பனி என்பது பஞ்சுபோல் வானத்திலிருந்து உதிர்வது. இப்படிப் பல பொருளுக்கு ஒரே சொல்லை வழங்கினால் பேச்சு நடக்கும், ஆராய்ச்சி நடக்காது. அதனால்தான் பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று அடைமொழி சேர்த்துப் பிரித்துக்கொள்கிறோம். பொருளைப் பிரித்தறியப் பெயர் வேண்டும். இந்தச் சிறிய உண்மையை வானம் முழுவதற்கும் பொருத்திக் காட்டியவர் ஹோவர்டு.

இளமைப் பருவம்

1772ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் லண்டன் நகரில் லூக் ஹோவர்டு பிறந்தார். தந்தையார் ராபர்ட் ஹோவர்டு விளக்குத் தொழிலில் பொருள் ஈட்டியவர். குடும்பம் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆடம்பரமற்ற உடை, பொய்யாத சொல், ஓயாத உழைப்பு, போரையும் அடிமை வாணிபத்தையும் வெறுத்தல் ஆகியவை அப்பிரிவினரின் கொள்கைகள். இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபையில் சேராதவர்கள் என்பதால் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெறும் வாய்ப்பு அக்காலத்தில் அவர்களுக்கு இல்லை. ஆகவே அவர்களில் அறிவுத் தாகம் கொண்டவர்கள் கடையிலும் தொழிற்சாலையிலும் இருந்துகொண்டே விஞ்ஞானத்தை வளர்த்தார்கள்.

சிறுவன் லூக்கைப் பர்ஃபோர்டு என்னும் ஊரிலிருந்த குவேக்கர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே லத்தீன் இலக்கணம் வேண்டிய மட்டும் கற்பிக்கப்பட்டது. விஞ்ஞானம் மிகக் குறைவு. பிற்காலத்தில் தம் கல்வியைப் பற்றி எழுதியபோது இந்தக் குறையை அவர் மறைக்கவில்லை. ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள்: பள்ளியில் கசந்த அந்த லத்தீன்தான் பின்னால் அவருடைய புகழுக்கே அடிப்படையாயிற்று.

அவருக்குப் பத்து வயது நிரம்பியிருந்த 1783ஆம் ஆண்டில் வானம் விசித்திரமாக மாறியது. ஜூன் மாதம் ஐஸ்லாந்தில் லாக்கி என்னும் எரிமலைப் பிளவு வெடித்துப் புகையையும் கந்தக வாயுவையும் கக்கத் தொடங்கிற்று. அந்தப் புகை காற்றோடு சென்று ஐரோப்பா முழுவதும் மங்கலாகக் கவிந்தது. நண்பகலிலும் கதிரவன் ஒளி மழுங்கிச் சிவந்து காணப்பட்டான். பெரியவர்கள் அஞ்சினார்கள். சிறுவன் லூக் அதைக் கண்டு வியந்தான். காற்றில் கலந்த பொருள் வானத்தின் நிறத்தையே மாற்றிவிடும் என்பது அவன் கண்ணால் கற்ற முதற் பாடம். அந்த மங்கலை அவர் முதுமை வரையில் மறக்கவில்லை.

பள்ளி முடிந்ததும் மான்செஸ்டருக்கு அருகில் ஸ்டாக்போர்ட்டில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பகலெல்லாம் மருந்து இடிப்பதும் பொட்டலம் கட்டுவதுமாகக் கழிந்தது. இரவில் பிரெஞ்சு மொழி, ரசாயனம், தாவர நூல் ஆகியவற்றைத் தாமே கற்றார். லவாய்சியரின் புதிய ரசாயனம் அவரை மிகவும் கவர்ந்தது. பின்னர் லண்டனுக்குத் திரும்பிச் சொந்தக் கடை வைத்தார். 1796இல் மரியபெல்லா எலியட் என்னும் மங்கையை மணந்தார். வில்லியம் ஆலன் என்னும் நண்பருடன் கூட்டாக மருந்து வாணிபம் தொடங்கி, லண்டனுக்குக் கிழக்கே பிளைஸ்டோ என்னும் சிற்றூரில் மருந்துச் சரக்குகள் தயாரிக்கும் சாலையின் பொறுப்பை ஏற்றார்.

பிளைஸ்டோவிலிருந்து நகரத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்த அந்த மனிதர் வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே சென்றார். இது அவருடைய பொழுதுபோக்கு. பிழைப்பு வேறு, பித்து வேறு என்று இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள் நம் மாணவர்களிலும் உளர். அவர்களுக்கு ஹோவர்டை எளிதில் புரியும்.

ஒரு சங்கமும் ஒரு கட்டுரையும்

1796இல் ஆலனும் அவர் தோழர்களும் அஸ்கேசியன் சங்கம் என்று ஓர் இளைஞர் கழகத்தைத் தோற்றுவித்தார்கள். பயிற்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. லண்டனில் பிளவ் கோர்ட் என்னும் சந்தில் இருந்த மருந்துச் சாலையில் உறுப்பினர் மாலை வேளையில் கூடுவர். சங்கத்துக்கு ஒரு கடுமையான விதி இருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் முறை வரும்போது கட்டுரை படிக்கவேண்டும். தவறினால் அபராதம் கட்டவேண்டும். நம் சங்கத்திலும் இப்படி ஒரு விதி இருந்தால் இந்த இதழுக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியர் குழு விடுதி விடுதியாக அலைய வேண்டியிராது என்று நான் எண்ணுவதுண்டு.

1802ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை ஹோவர்டின் முறை வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. மேகங்களின் வடிவ வேறுபாடுகளைப் பற்றி அவர் பேசினார். மறு ஆண்டு அக்கட்டுரை ஒரு விஞ்ஞான இதழில் அச்சாயிற்று. வானத்தைப் பற்றி மனிதன் பேசும் முறையே அதனால் மாறிப்போயிற்று.

அதற்கு முன் மேகங்களுக்குப் பெயர் இல்லையா என்று கேட்கலாம். ஒவ்வொரு மொழியிலும் இருந்தது. தமிழை எடுத்துக்கொண்டால் முகில், கொண்டல், எழிலி, மஞ்சு, கார் என்று அழகிய சொற்கள் நிறைந்துள்ளன. ஆனால் அவை உழவனின் ஏக்கத்தையும் புலவனின் வியப்பையும் தாங்கிய சொற்கள். எது எப்படிப் பிறந்தது, எது எதுவாக மாறும் என்று பிரித்துச் சொல்ல ஏற்பட்டவை அல்ல. மேகம் கணத்துக்குக் கணம் உருமாறுவது. அதை வகைப்படுத்துவது காற்றை மூட்டை கட்டுவது போன்றது என்றே அறிஞர்கள் பலர் கருதியிருந்தார்கள்.

ஹோவர்டு இந்த எண்ணத்தை மறுத்தார். மனிதனின் முகம் நொடிக்கு நொடி மாறினாலும் அகத்தில் நிகழ்வதை அது காட்டுகிறது அன்றோ? அதுபோல மேகத்தின் தோற்றமும் காற்று மண்டலத்தின் உள்ளே நடக்கும் மாறுதல்களைக் காட்டும் முகம் என்று அவர் விளக்கினார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் சொல்லும் பழமொழியை அந்த ஆங்கிலேயர் வானத்துக்குப் பொருத்தினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்கு பெயர்கள்

அவர் வகுத்த அடிப்படை வடிவங்கள் மூன்றே. முதலாவது சிரஸ். லத்தீனில் சுருள் மயிர் என்று பொருள். உயரத்தில் வெள்ளை இழைகளாகவும் இறகுகளாகவும் பரவிக் கிடப்பது. தமிழில் கீற்று முகில் என்கிறோம். இரண்டாவது க்யூமுலஸ். குவியல் என்று பொருள். அடி தட்டையாகவும் முடி பூக்கோசு போலவும் பொங்கி நிற்பது. இது திரள் முகில். மூன்றாவது ஸ்ட்ராடஸ். விரிப்பு அல்லது படலம் போல் படர்வது. இது படை முகில். மழையைப் பொழியும் கலப்பு மேகத்துக்கு நிம்பஸ் என்று பெயரிட்டார். நாம் கார்முகில் என்கிறோம்.

இத்துடன் நின்றிருந்தால் அவருடைய முறை நிலைத்திருக்காது. ஒன்று மற்றொன்றாக மாறும் இடைநிலைகளுக்கும் பெயர் கொடுத்ததுதான் அவர் அறிவின் நுட்பம். சிரஸ் தாழ்ந்து பரவினால் சிரோ ஸ்ட்ராடஸ். சிறு உருண்டைகளாகப் பிரிந்தால் சிரோ க்யூமுலஸ். திரளும் படலமும் சேர்ந்தால் க்யூமுலோ ஸ்ட்ராடஸ். ஓடுகின்ற பொருளுக்கு ஓடுகின்ற பெயரையே கொடுத்துவிட்டார்.

அதே 1802ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் உயிர் நூல் அறிஞர் லாமார்க்கும் மேகங்களை வகைப்படுத்தி வெளியிட்டார். அவர் ஹோவர்டைவிடப் பெரிய அறிஞர். ஆனால் பெயர்களைப் பிரெஞ்சில் அமைத்தார். அவை அந்நாட்டிலேயே பரவவில்லை. ஹோவர்டின் லத்தீன் பெயர்களோ எந்த நாட்டுக்கும் அயலாகவும் எல்லா நாட்டுக்கும் பொதுவாகவும் இருந்தன. பெயர்களை ஆங்கிலத்தில் மாற்றலாமே என்று சிலர் சொன்னபோது அவர் இணங்கவில்லை. பல நாட்டார் ஒரே வானத்தைப் பார்த்து எழுதும் குறிப்புகளை ஒப்பிடவேண்டுமானால் பெயர் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. 1896இல் சர்வதேச மேகப் படத்தொகுதி வெளிவந்தபோது அவருடைய சொற்களே அதற்கு அடித்தளமாயின. இன்றும் விமான நிலையத்து வானிலை அறிக்கையில் அச்சொற்களே ஆளப்படுகின்றன.

மேகம் எப்படி உண்டாகிறது என்பதையும் இந்த வடிவங்களைக் கொண்டே நான் என் நண்பர்களுக்கு விளக்குவது வழக்கம். வெயிலில் காய்ந்த தரைக்கு மேல் உள்ள காற்று சூடேறி எழும்புகிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் அது விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 10 டிகிரி சென்டிகிரேடு குளிரும். ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும். அந்த உயரமே மேகத்தின் அடி. திரள் முகில்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் தட்டையான அடியோடு நிற்பதன் காரணம் இதுதான். இதை ஹோவர்டு பகலின் மேகம் என்றார்.

இரவின் மேகம் என்று அவர் அழைத்தது ஸ்ட்ராடஸை. அவருடைய காலத்தில் தரையோடு கிடக்கும் மூடுபனியும் அதிலேயே அடங்கும். தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. தரையை ஒட்டிய ஈரக் காற்று அதனால் குளிர்ந்து நீர்த்திவலையாகிறது. ஆகவே டில்லியின் ஜனவரிக் காலையில் நாம் நடந்து செல்வது பனிக்குள் அன்று; தரையிறங்கிய ஒரு மேகத்துக்குள்.

லண்டன் மாநகரின் குளிர்காலம்

பெயரிட்டதோடு ஹோவர்டு ஓய்ந்துவிடவில்லை. 1806ஆம் ஆண்டு முதல் முறையாக வானிலைக் குறிப்பேடு எழுதத் தொடங்கினார். முதலில் பிளைஸ்டோவிலும் பின்னர் டாட்டன்ஹாமிலும் தம் இல்லத்தில் வெப்பமானி, காற்றழுத்தமானி, மழைமானி ஆகியவற்றை வைத்து நாள்தோறும் அளந்தார். தொழிற்சாலை, குடும்பம், சமயப்பணி ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவே இது நடந்தது. அவருடைய லண்டன் தட்பவெப்ப நூலின் முதற் பகுதி 1818இலும் இரண்டாம் பகுதி 1820இலும் வெளிவந்தன. 1833இல் விரிவாக்கிய பதிப்பு மூன்று பகுதிகளாக வந்தது. ஒரு நகரத்தின் வானிலையை மட்டுமே பொருளாகக் கொண்ட பெருநூல் அதற்கு முன் எழுந்ததில்லை.

அந்த நூலில் அவர் கண்டறிந்த ஓர் உண்மை என்னை மிகவும் ஈர்த்தது. நகரத்துக்கு வெளியே தாம் எடுத்த அளவுகளை, நகரத்தின் நடுவே ராயல் சொஸைட்டியார் எடுத்த அளவுகளோடு அவர் ஒப்பிட்டார். நகரம் கிராமப்புறத்தைவிடச் சூடாக இருந்தது. பகலில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்; நகரம் சிறிது குளிர்ந்துகூட இருந்தது. இரவிலோ நகரம் சராசரி 3.7 பாரன்ஹீட் டிகிரி, அதாவது சுமார் 2 சென்டிகிரேடு டிகிரி மிகுதியான வெப்பத்துடன் இருந்தது. வீடுதோறும் கணப்பு எரியும் குளிர்காலத்தில் இவ்வேறுபாடு மிகுதியாயிற்று.

காரணங்களையும் அவரே ஆராய்ந்து எழுதினார். அடுப்புகளும் மக்கள் கூட்டமும் வெளியிடும் சூடு ஒன்று. நெருங்கி நிற்கும் சுவர்கள் வெயிலின் வெப்பத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் திருப்பிப் பிடித்து வைத்துக்கொள்வது மற்றொன்று. கட்டடங்கள் காற்றோட்டத்தைத் தடுப்பதும், கல் பாவிய தரையில் ஆவியாக ஈரம் இல்லாமையும் ஏனைய காரணங்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இன்று நகர வெப்பத் தீவு என்று நாம் பாடப் புத்தகத்தில் படிப்பதன் வித்து இதுவே. மனிதன் வானிலைக்கு ஆட்பட்டவன் மட்டும் அல்லன், தன் நகரத்தின் வானிலையைத் தானே ஆக்குகிறவனும் ஆவான் என்பதை எண்களால் முதலில் நிறுவியவர் இந்த மருந்து வியாபாரி.

வெப்பம் மட்டுமா? புகையும் உண்டு. 1812ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் லண்டனில் பட்டப்பகலில் பல மணி நேரம் இருள் சூழ்ந்தது. கடைகளிலும் அலுவலகங்களிலும் விளக்கேற்றினார்கள். தெருவிளக்குகளை ஏற்றாததால் நடந்து செல்வோர் வழி தெரியாமல் தடுமாறினார்கள். வெளிச்சம் சிறிது ஊடுருவிய இடத்தில் வானம் வெண்கல நிறமாகத் தோன்றியது. ஹோவர்டு இதைக் குறித்து வைத்ததோடு காரணத்தையும் சொன்னார். காற்று அசையாத ஈர நாளில் நிலக்கரிப் புகை கலைய வழியில்லாமல் நகரத்தின் மேலேயே குவிந்துவிடுகிறது. லண்டனை நூறாயிரம் வாய் கொண்ட எரிமலைக்கு அவர் ஒப்பிட்டார். காற்று இயங்கிக்கொண்டே இருப்பதால்தான் குளிர்காலத்தில் அந்நகரம் குடியிருக்கத் தக்கதாக உள்ளது என்றும் எழுதினார். 1783இல் ஐஸ்லாந்து எரிமலையின் புகையை வியந்து பார்த்த சிறுவன், முப்பது ஆண்டு கழித்துத் தன் நகரத்தையே எரிமலையாகக் கண்டான்.

1813ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் மற்றொரு மூடுபனி நாட்கணக்கில் லண்டனை அழுத்திற்று. அதைத் தொடர்ந்து வந்த கடுங்குளிரில் தேம்ஸ் நதி உறைந்தது. 1814 பிப்ரவரி முதல் வாரத்தில் மக்கள் நதியின் பனிக்கட்டி மேலேயே கடை விரித்துத் திருவிழா நடத்தினார்கள். அதுவே தேம்ஸ் நதியின் மேல் நடந்த கடைசிப் பனித் திருவிழா.

அவர் அறியாத மழை ரகசியம்

ஹோவர்டு எல்லாவற்றையும் அறிந்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். மேகத்திலுள்ள சிறு திவலைகள் மழைத்துளியாக மாறுவதற்கு மின்சாரத்தின் தொழிலே பெருங்காரணம் என்று அவர் எண்ணினார். விடையின் பெரும்பகுதி வேறு இடத்தில் இருந்தது.

அவர் மறைந்த பின்னர் 1880ஐ ஒட்டி ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன் என்பவர் ஒரு சோதனை செய்தார். தூசி வடிகட்டிய காற்று உள்ள பாத்திரத்திலும், சாதாரணக் காற்று உள்ள பாத்திரத்திலும் நீராவியைச் செலுத்தினார். சாதாரணக் காற்றில் வெண்மூட்டம் எழுந்தது. வடிகட்டிய காற்று தெளிவாகவே இருந்தது. நீராவி பற்றிக்கொள்ளத் தூசியோ புகைத் துகளோ உப்புத் துகளோ வேண்டும். நகரத்தின் புகை மூடுபனியை அடர்த்தியாக்குவது இதனால்தான். துகள் மிகுந்த காற்றில் திவலைகள் எண்ணிக்கையில் பெருகி, அளவில் சிறுத்து, எளிதில் கலையாமல் நிற்கின்றன.

அடுத்த கேள்வி, மழை எப்படி விழுகிறது என்பது. மேகத் திவலையின் ஆரம் சுமார் நூற்றில் ஒரு மில்லிமீட்டர்தான். அது நொடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல இறங்கும்; தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள மழைத்துளி ஒன்று உருவாக அத்தகைய திவலைகள் பத்து லட்சம் சேரவேண்டும். வெப்ப நாடுகளின் மேகங்களில் பெரிய திவலை சிறியதோடு மோதிச் சேர்ந்து வளர்வது ஒரு வழி. குளிர்ந்த மேகங்களில் நடப்பது வேறு. 1922ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டோர் பெர்ஜெரான் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் நார்வேயில் ஒரு குன்றின் மேல் ஊசியிலைக் காட்டு வழியே உலவிவந்தார். வெப்பம் உறைநிலைக்குக் கீழே பல டிகிரி இருந்த நாளில் மூடுபனி மரங்களுக்கு மேலேயே நின்றது. உறைநிலைக்கு மேற்பட்ட நாளில் தரை வரை இறங்கிற்று. மரக்கிளைகளில் படிந்த பனிப்படிகம் சுற்றிலுமுள்ள நீராவியைத் தன்பால் இழுத்துக்கொள்வதே காரணம் என்று அவர் ஊகித்தார். மேகத்துக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. உறைநிலைக்குக் கீழேயும் உறையாமல் மிதக்கும் திவலைகளின் நடுவே ஒரு பனிப்படிகம் தோன்றினால், திவலைகள் ஆவியாகிச் சுருங்கப் படிகம் வளரும், கனத்து விழும், வழியில் உருகினால் மழை, உருகாவிட்டால் வெண்பனி.

டில்லியின் குளிர்கால மழையை இந்த அறிவோடு பாருங்கள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாக மேலைக் காற்றோட்டத்தில் வரும் சுழல்களே அம்மழையைக் கொணர்கின்றன. முதலில் உயரத்தில் சிரஸ் கீற்றுகள் தோன்றும். பிறகு அவை தடித்துப் படலமாகும். பின்னர்த் தூறல். ஜனவரி மாதம் முழுவதும் டில்லியில் பெய்வது சராசரி 20 மில்லிமீட்டர் அளவே. ஆயினும் வடநாட்டுக் கோதுமைக்கு அது அமுதம். சுழல் கடந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கினால் அன்றிரவே ஈரத்தரையிலிருந்து மூடுபனி எழும். ஹோவர்டின் பெயர்களை அறிந்தவனுக்கு இந்த நாடகத்தின் அங்கங்கள் வரிசையாகத் தெரியும்.

புகழும் முதுமையும்

ஹோவர்டின் கட்டுரையை ஜெர்மன் மொழியில் படித்த மகாகவி கதே பெருமகிழ்ச்சி அடைந்தார். வடிவமற்றதற்கு வடிவம் தந்தவர் என்று அவரைப் போற்றிக் கவிதைகள் இயற்றினார். 1822இல் லண்டனிலிருந்த நண்பர் ஒருவர் மூலம் ஹோவர்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதி அனுப்பும்படி கேட்டார். ஐரோப்பாவின் தலைசிறந்த கவிஞர் தம்மைப் பற்றி அறிய விரும்புகிறார் என்பதை ஹோவர்டு முதலில் நம்பவில்லை; யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்தார். உண்மை என்று அறிந்தபின் அடக்கமாகத் தம் கதையை எழுதி அனுப்பினார். அதற்கு முந்திய 1821ஆம் ஆண்டில் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக ஏற்றிருந்தது. பட்டம் பெறும் வழி அடைபட்டிருந்தவருக்கு அறிஞர் அவை கதவைத் திறந்தது.

புகழை அவர் பெரிதாகக் கருதவில்லை. நெப்போலியன் போரால் வீடும் வயலும் இழந்த ஜெர்மானிய மக்களுக்கு நிதி திரட்டுவதில் முன்னின்றார். அடிமை வாணிபத்தை எதிர்த்தார். 1837இல் வானிலையைப் பற்றிய ஏழு சொற்பொழிவுகளை நூலாக்கினார். அவருடைய மருந்துத் தொழில் பின்னர்க் கொய்னா மருந்துக்குப் பேர்பெற்றது. மகன் ஜான் எலியட் ஹோவர்டு நம் நீலகிரியில் பயிரான சின்கோனா மரத்தின் பட்டைகளை ஆராய்ந்து நூல் எழுதியவர். வானத்தை ஆராய்ந்த தந்தையின் குடும்பம் இப்படித் தமிழ் மண்ணோடும் சிறு தொடர்பு கொண்டது.

1852இல் மனைவி மறைந்தபின் ஹோவர்டு டாட்டன்ஹாமில் மகன் ராபர்ட்டின் இல்லத்தில் வாழ்ந்தார். 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் தமது தொண்ணூற்றோராம் வயதில் காலமானார். அவர் வாழ்ந்த அந்த இல்லத்தில் 2002இல் ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. மேகங்களுக்குப் பெயரிட்டவர் என்பதைத் தவிர அவருக்கு வேறு அடைமொழி அதில் இல்லை.

அறிந்ததும் செய்ததும்

இவ்வளவோடு முடித்தால் இது வெற்றிக் கதையாகவே இருக்கும். ஆனால் அவருடைய வாழ்க்கையை எண்ணும்போதெல்லாம் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 1812இலேயே புகையும் அசையாக் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர் எழுதிவிட்டார். நூல் இருந்தது, எண்கள் இருந்தன, படித்தவர்களும் இருந்தார்கள். ஆயினும் புகைபோக்கிகள் பெருகிக்கொண்டே போயின. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைப்பனி மூடியது. சுமார் 4000 பேர் அதனால் இறந்தனர் என்று அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர் அந்த எண்ணிக்கை 12,000 வரை போகும் என்றனர். அதன்பின் 1956இல்தான் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. ஹோவர்டின் குறிப்புக்கும் சட்டத்துக்கும் இடையே 144 ஆண்டுகள்!

டில்லியில் வாழும் நமக்கு இது பழங்கதை அன்று. மேலே சூடான காற்று மூடிபோல் அமர, கீழே குளிர்ந்த காற்று சிறைப்பட, வண்டிகளின் புகையும் ஆலைகளின் புகையும் அறுவடைக்குப் பின் எரிக்கும் தாளின் புகையும் அதனுள் தேங்கும் நிலையை நாம் ஒவ்வோர் ஆண்டும் சுவாசிக்கிறோம். லண்டனுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. காரணம் என்ன என்பதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காரணம் தெரியாமல் துன்புறுகிறவனை விதி வஞ்சித்தது என்று சொல்லலாம். தெரிந்தும் வாளா இருப்பவனை யார் வஞ்சித்தார்கள்?

மாணவர்களாகிய நம்மால் சட்டம் இயற்ற முடியாது. கவனிக்க முடியும், குறிக்க முடியும், குறித்ததை நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல முடியும். ஹோவர்டு தொடங்கியதும் அவ்வளவில்தான். ஆகவே சங்கத்துக்கு ஒரு சிறு வேண்டுகோள் விடுக்கிறேன். நம் அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டுவோம். இன்று காலை எவ்வகை மேகம், மூடுபனி எத்தனை மணிக்கு விலகிற்று, இரவின் வெப்பநிலை எவ்வளவு, எத்தனை தூரத்துக் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தது என்று முறை வைத்து ஒவ்வொருவரும் எழுதுவோம். வரும் மார்ச் மாதத்தில் அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்துப் பார்ப்போம். எழுதத் தவறியவர்களுக்கு அபராதம் போடுவதா வேண்டாமா என்பதைச் செயற்குழு தீர்மானிக்கட்டும்.